குடும்ப மரத்தில் நான் அழித்த கோடு

2025, ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் எல்லா ஞாயிறுகளையும் போலத்தான் தொடங்குகிறது. விடிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்து சுக்குக் காப்பி. வாசலில் சாரல். வாரத்துணியை ஊறப்போட்டது. அடுப்படி அலமாரியின் மேல் தட்டைத் துடைத்தது. அதற்குப் பிறகு, சில மாதங்களாக என் ஞாயிற்றுக்கிழமை வேலையாகவே ஆகிவிட்ட ஒன்று: மடிக்கணினியைத் திறந்து எங்கள் குடும்ப மரத்தைப் பார்ப்பது.

அன்று பார்க்க மட்டும்தான் திறந்தேன். திருத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. போன ஞாயிறோடு எல்லாப் பிழைகளையும் நீக்கி முடித்திருந்தேன். துடைத்து வைத்த சமையல் மேடையைப் பார்ப்பது போல அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது. அந்த நிறைவு மத்தியானம் வரைதான் நீடிக்கும் என்று அப்போது தெரியாது.

நான் தென்காசியில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். என் கணவருக்கு ரெடிமேட் துணிக்கடை. ஒரே மகன், கோயம்புத்தூரில் வேலை. என் கணவரின் அக்கா ஆலங்குளத்தில் இருக்கிறார். அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினியின் மகன் துபாயில். அவன்தான் இரண்டு வருடங்களுக்கு முன்னால் இணையத்தில் எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு மரத்தைத் தொடங்கி, சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரவருக்குத் தெரிந்ததைப் பதியலாம் என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினான்.

பதிந்தார்கள். எப்படிப் பதிந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. எங்கள் பெரியவர்களில் பாதிப் பேர் ஜூன் முதல் தேதியில் பிறந்தவர்களாக இருந்தார்கள். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் வசதிக்காகப் போட்ட தேதி அப்படியே பாஸ்போர்ட்டுக்குப் போய், அங்கிருந்து மரத்திலும் ஏறியிருந்தது. இலத்தூர்ப் பெரியம்மாவுக்குப் பதினோரு பிள்ளைகள். விசாரித்தால், அதில் மூன்று பேர் ஒரே ஆள்: வீட்டுப் பெயர், பள்ளிப் பெயர், விசாப் பெயர். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது எங்கள் வழக்கம். ஷார்ஜாவில் இருக்கும் ஒரு தம்பி இரண்டு பெயரும் ஒன்றாக இருக்கிறதே என்று சேர்த்துவிட, ஒரு பெரியவர் தனக்குத் தானே தாத்தாவாகி நின்றார். புகைப்படம் இல்லாத முன்னோர்களுக்கெல்லாம் யாரோ ரோஜாப்பூவை ஒட்டியிருந்தார்கள். பரவாயில்லை. ஆனால் உயிரோடு நடமாடும் என் மதினிக்கும் அதே ரோஜாப்பூ.

கணக்கு எங்காவது உதைத்தால் அந்தத் தளம் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் குறி போடும். எங்கள் மரம் அம்மை போட்ட பிள்ளை மாதிரி இருந்தது. மதினி மகன் துபாயிலிருந்து கூப்பிட்டான். "மாமி, நீங்க ஒருத்தரு கை வச்சாத்தான் இது வெளங்கும்" என்று என்னை நிர்வாகியாக்கினான்.

எனக்கு இது பிடித்த வேலை. பெயரையும் வயதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் நான் ஊசியைக் கையில் எடுப்பதில்லை. மரத்துக்கும் அப்படி ஒரு விதி வைத்துக்கொண்டேன். எந்தத் திருத்தமானாலும் இரண்டு பேரிடம் கேட்ட பிறகுதான். கேட்டேன், திருத்தினேன், சிவப்புக் குறிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. போன ஞாயிறன்று கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சியது. அது என் மகன் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது.

இவருக்கு இரண்டு தாய்மார் காட்டப்படுகிறார்கள், சரிபார்க்கவும் என்றது அந்தத் தளம். ஒரு கோடு என்னிடமிருந்து மகனுக்குப் போனது. இன்னொரு கோடு குற்றாலத்தில் இருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து. அவள் என் கணவரின் சாச்சா, அதாவது சித்தப்பா மகள்; அவருக்குத் தங்கை முறை, என்னை மச்சி என்று கூப்பிடுவாள். ஒரு காலத்தில் எங்கள் தெருவிலேயே இருந்தவள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"என்னட்டி தனியா சிரிக்க?" என்றார் கணவர்.

"ஒங்க மவனுக்கு ரெண்டு உம்மாவாம்."

"எனக்குத் தெரியாம ரெண்டாவது ஒருத்தி எங்கிருந்து வந்தா?"

"தெரிஞ்சிருந்தா இங்கனயா உக்காந்து சாயா குடிச்சிட்டு இருப்பிய?"

இரண்டு பேரிடம் கேட்க வேண்டும் என்ற விதி எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. பெற்றவள் நான். இதில் யாரிடம் போய்க் கேட்பது? அந்தக் கோட்டை அழித்தேன். சிவப்புக் குறி மறைந்தது.

அதோடு விட்டிருந்தால் அது ஒரு சின்னத் தவறு. ஆனால் அழித்த கையோடு அந்தக் குற்றாலத்துக்காரியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவளுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகளின் புகைப்படம் இருந்தது. நல்ல முகக்களை. பார்மசி படிப்பு முடித்தவள். என் மகனுக்கு மாமி மகள், கட்டிக்கொள்கிற முறை.

ஒரு வருடமாக மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தோம். படிப்பு பொருந்தினால் ஊர் பொருந்தவில்லை. ஊர் பொருந்தினால் அவர்களுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை வேண்டியிருந்தது. மகன் வேறு, நீங்கள் யாரைச் சொன்னாலும் சரி என்று எல்லாப் பாரத்தையும் என் தலையில் ஏற்றிவிட்டான். தரகர்களிடம் அலைந்த எனக்கு, வீட்டுக்குள்ளேயே, என் மடிக்கணினிக்குள்ளேயே பெண் கிடைத்துவிட்டாள். இனித் தேட வேண்டாம் என்று தோன்றியபோது எனக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது.

மறுநாளே கணவர் அந்தப் பெண்ணின் தகப்பனாரிடம் போனில் பேசினார். அவர் பல வருடம் சவூதியில் இருந்துவிட்டுத் திரும்பி, குற்றாலத்தில் வீடு கட்டி, மாடியை சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமையே வாருங்கள், பேசி முடித்துவிடலாம் என்றார். முடிவாகும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்று நான் கணவருக்குச் சொல்லிவிட்டேன். முக்கியமாக மதினிக்குத் தெரியக் கூடாது. அவர் காதில் ஒரு செய்தி விழுந்தால் ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து அது ஊர் ஊராகப் போய்விடும்.

இப்படித்தான் அந்த ஞாயிறு நானும் கணவரும் பைக்கில் குற்றாலம் புறப்பட்டோம். கையில் இனிப்புப் பெட்டி, ஒரு சீப்பு ரஸ்தாளி, வழியில் வாங்கிய மங்குஸ்தான். குற்றாலம் வரை வந்துவிட்டுக் குளிக்காமல் போவதா என்று கணவர் ஐந்தருவிப் பக்கம் வண்டியைத் திருப்பினார். "சம்பந்தம் பேசப் போறவிய தலை சொட்டச் சொட்டவா போறது?" என்று கேட்டேன். "சீசன்ல காஞ்ச தலையோட போனாத்தான் என்னமோ ஏதோன்னு நெனப்பாவ" என்றார். அவர் குளித்து வரும்வரை இனிப்புப் பெட்டியைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றியது தனிக் கதை.

வீட்டில் கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். சலாம் சொன்னாள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நிற்கும் கூச்சம் அவள் முகத்தில் இல்லை. யாரோ பரீட்சைத் தாளை எடுத்துக்கொண்டு வந்திருப்பது போலப் பார்த்தாள். தகப்பனார் எங்களை உட்காரவைத்து மின்விசிறியைப் போட்டார். உள்ளேயிருந்து அவள் தாய் கட்டன் சாயாவோடு வந்தாள். தட்டை வைத்துவிட்டு, உட்காராமல், நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். என்னை நேராகப் பார்க்கவில்லை.

நான் எழுந்து இனிப்புப் பெட்டியைத் திறந்து அவளிடம் நீட்டினேன். அவள் எடுக்கவில்லை.

"மொதல்ல ஒண்ணு கேக்கணும் மச்சி. அந்தக் கோட்ட நீங்களா அழிச்சிய?"

"எந்தக் கோட்ட?"

"மரத்துல, மாமி" என்றாள் மகள். "எங்க உம்மா பேர்லேருந்து ஒங்க மவன் பேருக்கு ஒண்ணு போச்சுல்லா, அது. ஒங்க மவன் பக்கத்துல நீங்க ஏதோ மாத்திட்டியன்னு மட்டும் எனக்கு மெயில் வந்துச்சு."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பெரிய மனது பண்ணி ஆறுதல் வேறு சொன்னேன்: "ஆமா, நாந்தான் எடுத்தேன். அதுக்கு எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்க? யாரோ தெரியாமப் போட்டிருப்பாவ. அந்த மரத்துல ஆயிரம் தப்பு கெடந்துச்சு."

"தெரியாமப் போடல மச்சி. நாந்தான் எம் மவளப் போடச் சொன்னேன்." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அவன் எம் பாலு குடிச்ச புள்ள."

வாசகர்களில் சிலருக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் மார்க்கத்தில் ஒரு பெண்ணிடம் பால் குடித்து வளர்ந்த குழந்தைக்கு அவளும் தாய்தான். அவள் பிள்ளைகள் அந்தக் குழந்தைக்கு உடன்பிறந்தவர்கள். அவர்களுக்குள் திருமணம் கூடாது. நான் எந்தப் பெண்ணைக் கேட்டு வந்திருந்தேனோ, அவள் சொல்வது உண்மையென்றால், அந்தப் பெண் என் மகனுக்குத் தங்கை.

நான் பதில் சொல்வதற்குள் அவள் கணவர் முந்திக்கொண்டார்.

"கேட்டியளா மச்சான்? திங்கக்கிழமேலேருந்து இதே பாட்டுதான். இருபத்தாறு வருசமா எங்கிட்ட ஒத்த வார்த்தை சொல்லல. நான் ஒங்களுக்குச் சரின்னு சொன்ன அன்னைக்குச் சொல்லுதா. இவ கூடப்பொறந்த காக்கா மவன் ஒருத்தன் இருக்கான், அவனுக்குக் குடுக்கணும்னு இவளுக்கு ஆச. அதுக்கு இப்படி ஒரு கதையா?"

"கதையில்ல" என்றாள் அவள்.

"மரத்துல பதிஞ்சிருக்குன்னா. சரி காட்டுன்னேன். மவ தொறந்து காட்டுதா, ஒண்ணுத்தயும் காணோம்! உம்மாவும் மவளும் சேந்து சொன்னா, இல்லாதத எப்பிடி நம்புறது?"

அவள் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. ஆறு நாளாக இந்த வீட்டில் அவள் பொய்க்காரி. அவள் சொல்லுக்கு இருந்த ஒரே சாட்சியை, சிரித்துக்கொண்டே, ஒரு விரலால் அழித்தவள் நான்.

ஆனாலும் என் மனம் உடனே ஒப்பவில்லை. மகன் பிறந்த இரண்டாம் நாள் எனக்கு ஜன்னி கண்டு, நினைவு தப்பி, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கணவரும் என்னோடு வந்துவிட்டார். பிள்ளை தென்காசியில் மாமியார் கையில். நான் திரும்பி வந்தபோது அவன் மாவுப்பால் குடித்து நன்றாகத்தான் இருந்தான் என்று மாமியார் சொன்னார். கல்லூரிக் காலத்திலிருந்து நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். அந்த நாட்களின் பக்கங்கள் மட்டும் வெறுமையாக இருக்கின்றன. அதைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை.

முதலில் கைபேசியை எடுத்தேன். அந்தத் தளத்தில் நிர்வாகிக்கு மட்டும் பழைய மாற்றங்களெல்லாம் தெரியும். என் மகன் பக்கத்தில் தேடினேன். அழித்தது நான், போன ஞாயிறு. பதிந்தது அந்த வீட்டு மகள், போன வருடம் நோன்பு மாதத்தில். தகப்பனாரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"போன வருசமே போட்டிருக்கே..."

"இவிய பொண்ணு கேட்டு வருவாவன்னு போன வருசமே எனக்குக் கனவா வந்துச்சு?" என்றாள் அவள். அழுகைக்கு நடுவிலும் அந்தக் குத்தல் சரியாகப் போய் விழுந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து மதினியைக் கூப்பிட்டேன், எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு. எங்கள் வேலையில் முதல் பாடம் ஒன்று உண்டு. ஒருவரின் பெயரை நாமே சொல்லி, நீங்கள்தானே என்று கேட்கக் கூடாது. பெயர் அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும். அப்படியே கேட்டேன்.

"மதினி, எம் மவன் பொறந்தப்ப நான் திருநெவேலி ஆஸ்பத்திரியில கெடந்தேன்லா? அப்ப அவனுக்கு என்ன குடுத்திய?"



"இத்தன வருசம் கழிச்சு அது எதுக்குட்டி ஒனக்கு?"

"சொல்லுங்க மதினி."

"மாவுப்பால்தான் கரைச்சோம். வாயில வச்சாத் துப்புதான் ஒம் மவன். ராத்திரி பூரா அழுக. பொறவு நம்ம சாச்சா மவ, இப்பம் குத்தாலத்துல இருக்காள்லா, அவளுக்கும் அப்பம் கைப்புள்ள. அவ வந்து எடுத்து மடியில போட்டா. அன்னைக்குத்தான் வீட்ல எல்லாரும் தூங்குனோம். நீ வாற வரைக்கும் அவதான் குடுத்தா. ஒங்கிட்டச் சொன்னா, எம் புள்ளைக்கு நான் குடுக்க முடியலையேன்னு மனசு ஒடஞ்சிருவன்னு உம்மா மூச்சு விடப்புடாதுன்னுட்டா. அப்பிடியே மறந்து போச்சு. ஏட்டி, இருக்கியா? சத்தத்தக் காணோம்?"

நான் போனைக் கணவர் பக்கம் தள்ளினேன். அவர் தன் அக்காவிடம், "லாத்தா, நாங்க குத்தாலத்துல இருக்கோம்" என்றார்.

"குத்தாலத்துல எதுக்குலே?"

"பொண்ணு கேட்டு வந்தோம்."

"யாருக்கு?"

"எம் மவனுக்கு."

"யாரு வீட்ல?"

கணவர் என்னைப் பார்த்தார். மதினிக்கு விளங்க ஒரு நொடிதான் ஆனது. "அட கிறுக்குப் பயபுள்ளையளா! அண்ணனுக்குத் தங்கச்சியவா கேக்கப் போனிய? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கப்புடாது?" என்று ஆரம்பித்தவர், பிறகு சிரிக்கத் தொடங்கினார். போன் மேசையில் அதிர்ந்தது. முதலில் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவள் தகப்பனார். பிறகு தலை ஈரம் காயாத என் கணவர். நிலைப்படியில் நின்றவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நான்தான் கடைசி.

எதற்கும் இருக்கட்டும் என்று கணவர் எங்கள் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடமும் போனில் நடந்ததைச் சொன்னார். சந்தேகமே வேண்டாம், அவர்கள் அண்ணன் தங்கைதான், நல்ல வேளையாகத் தெரிந்துகொண்டீர்கள் என்றார் அவர்.

அதன் பிறகு நான் அடுப்படிக்குப் போனேன். அவள் வட்டிலாப்பத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. என் மகனின் முதல் நாட்களைப் பற்றி நான் இல்லாத ஒரு கதை இன்னொருத்தியிடம் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையைக் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"அவன் எப்பிடி இருந்தான்?" என்று கேட்டேன்.

அவள் கத்தியை வைத்துவிட்டாள். "ஒரு பக்கம் எம் மவன், ஒரு பக்கம் ஒங்க மவன். என்னவன் பொறுமையாக் குடிப்பான். ஒங்களவன் அவசரமாக் குடிச்சிட்டு, பக்கத்துல இருக்கவன் பங்குக்குக் கைய நீட்டுவான்."

"இப்பமும் பிரியாணிக்கு அப்பிடித்தான்."

"நான் ஒண்ணும் உரிம கொண்டாடல மச்சி. யாருக்கும் சொல்ல மாட்டேன்னு பெரியம்மாவுக்கு, அதான் ஒங்க மாமியாருக்கு, வாக்குக் குடுத்தேன். எங்க வீட்டுக்காரவியளுக்குக்கூடச் சொல்லல. பெரியம்மா மவுத்தானப்பொறவுதான் எனக்குப் பயம் வந்துச்சு. நாளைக்கு எனக்கும் ஒண்ணு ஆயிட்டா, புள்ளையளுக்குள்ள சம்பந்தப் பேச்சு வந்தா, சொல்ல யாரு இருக்கா? ஒங்க முகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல. சரி, மரத்துல பதிஞ்சு வச்சா என்னைக்காவது யாராவது பாப்பாவன்னு பதிஞ்சேன்." என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எழுதி வச்சத நீங்களே அழிச்சிட்டு, நீங்களே பொண்ணும் கேட்டு வந்துட்டியளே மச்சி!"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா, நன்றி சொன்னேனா என்று எனக்கே சரியாக நினைவில்லை. இரண்டும் ஒரே வார்த்தையாகத்தான் வந்திருக்கும்.

புறப்படும்போது கணவர் இனிப்புப் பெட்டியைப் பார்த்து, "இத என்ன செய்ய, திருப்பி எடுத்துக்கிடவா?" என்றார்.

"வச்சிட்டுப் போங்க மாமா" என்றாள் மகள். "வந்தது மாப்பிள்ள வீடா இருந்தா என்ன, காக்கா வீடா இருந்தா என்ன, இனிப்பு இனிப்புதான? ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. இனிமே எனக்கு மாப்பிள்ள வந்தா ஒங்க வீட்டுக் காக்காதான் போய் விசாரிக்கணும். வாப்பா விசாரிச்ச லட்சணத்தத்தான் இன்னைக்குப் பாத்துட்டோமே."

அவள் தகப்பனார் அதற்கும் தலையைக் குனிந்துகொண்டார்; ஆனால் இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.

சாயங்காலம் மகனைக் கூப்பிட்டு நடந்ததை ஒழுங்காக, முதலிலிருந்து சொன்னேன். "அப்ப பொண்ணு இல்லையா?" என்றான். பெண் இல்லை, தங்கை என்றேன். இன்னொரு தாயும் இருக்கிறாள் என்றேன். அவன், "ஒரு உம்மாகிட்டயே தப்பிக்க முடியல, இதுல இன்னொண்ணா?" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு சரியாக வரவில்லை. "அவங்க நம்பர் அனுப்புங்க" என்றான்.

அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குற்றாலத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. எடுத்தேன். அவள், "கூப்புட்டான் மச்சி" என்றாள். "உம்மான்னு கூப்புட்டான்." அதைச் சொல்லிவிட்டும் அவள் போனை வைக்கவில்லை. நானும் போனை வைக்காமல் காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மகனுக்கு இன்னும் பெண் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். இப்போது தேடுவது நான் மட்டுமில்லை. குற்றாலத்திலிருந்தும் தினம் ஒரு புகைப்படம் வருகிறது. நான் சரி என்பதை அவள் வேண்டாம் என்கிறாள். பிள்ளைக்குத் தாய் என்றால் அந்த உரிமை இருக்கத்தானே செய்யும்? யாருடைய பதிவில் எந்தப் பிழையைக் கண்டாலும், அது பிழைதானா என்று இப்போதெல்லாம் நான் இரண்டு பேரிடம் கேட்கிறேன். எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று தோன்றினால் மூன்றாவதாக ஒருவரிடமும் கேட்கிறேன்.

குற்றாலம் போய் வந்த மறுநாள், திங்கட்கிழமை. தொழுகை முடிந்ததும், காப்பிக்கு அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால், மடிக்கணினியைத் திறந்து குற்றாலத்துப் பெயரிலிருந்து என் மகன் பெயருக்கு அந்தக் கோட்டை என் கையாலேயே மறுபடி போட்டேன். பக்கத்தில் குறிப்பு எழுத இடம் இருந்தது. பால் கொடுத்த தாய் என்று எழுதினேன். உடனே சிவப்புக் குறி வந்தது. இவருக்கு இரண்டு தாய்மார் காட்டப்படுகிறார்கள், சரிபார்க்கவும் என்றது. சரிபார்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு, அந்தக் குறியை அப்படியே விட்டுவிட்டு, காப்பி போடப் போனேன்.